முதல் கத்திக்கு எந்தத் தேய்ப்புக் கருவி? குறைந்த செலவில் தொடங்க ஒரு முழுமையான வழிகாட்டி

கத்தி செய்யும் ஆசை வந்ததும் நம்மில் பலர் முதலில் தேடிப் பார்ப்பது பெல்ட் கிரைண்டரின் (உப்புத்தாள் பட்டை சுழன்று தேய்க்கும் இயந்திரம்) விலையைத்தான். நல்ல இயந்திரம் என்று சொல்லப்படுவது 30,000 ரூபாயைத் தாண்டி நிற்கும். பாதிப் பேர் அதோடு ஆசையைக் கைகழுவி விடுவார்கள். மீதிப் பேர் இணையத்தில் மலிவாகக் கிடைத்த ஏதோ ஒன்றை வாங்கிவிட்டு, கூட வந்த ரெண்டு பெல்ட்டும் தேய்ந்ததும் அடுத்தது எங்கே கிடைக்கும் என்று அலைவார்கள்.

இயந்திரத்துக்குக் கொடுக்கும் பணம் ஒரு தடவையோடு முடிந்துவிடும். பெல்ட், டிஸ்க், உப்புத்தாள் இவற்றுக்கான செலவு கத்தி செய்யும் காலமெல்லாம் தொடரும். அதனால் கடைக்குப் போகுமுன் இரண்டு கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். எவ்வளவு இரும்பைத் தேய்த்து எடுக்கப் போகிறேன்? அதைத் தேய்க்கும் பொருள் என் ஊரில் வேண்டும்போது கிடைக்குமா? எந்த இயந்திரம், எத்தனை குதிரைத்திறன் என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

இங்கே பேசுவது பட்டை இரும்பை வெட்டி, தேய்த்து, பதம் போட்டு (காய்ச்சி எண்ணெயில் முக்கிக் கடினமாக்கி) கத்தியாக்கும் முறையைப் பற்றி. உலையில் காய்ச்சி அடிக்கும் வேலை தனி. ஆனால் அதிலும் கடைசிப் பாதி தேய்ப்புதான் என்பதால் அவர்களுக்கும் இது உதவும்.

படி 1: அலகின் வடிவத்தை முடிவு செய்யுங்கள்

3 மி.மீ. கனமும் 30 மி.மீ. அகலமும் உள்ள பட்டையில் 150 மி.மீ. நீள அலகு செய்வதாக வைத்துக்கொள்வோம். முதுகிலிருந்து வாய் (வெட்டும் விளிம்பு) வரை ஒரே சாய்வாக இரு பக்கமும் தேய்த்தால் 6.75 கன சென்டிமீட்டர் இரும்பு போக வேண்டும். எடையில் அது சுமார் 53 கிராம். அதே அலகில் வாயை ஒட்டி 7 மி.மீ. உயரத்துக்கு மட்டும், பக்கத்துக்கு 12 டிகிரி சாய்வு வைத்தால் போக வேண்டியது 12 கிராம்தான். வேலை நாலில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடுகிறது.

இந்த வித்தியாசம்தான் உங்களுக்கு இயந்திரம் தேவையா இல்லையா என்பதையே முடிவு செய்கிறது. 12 கிராமை ஒரு அரத்தால், ஒரு விடுமுறை நாளில் ராவி எடுத்துவிடலாம். 53 கிராமையும் அரத்தால் எடுக்க முடியும், ஆனால் தோள்பட்டை கேள்வி கேட்கும். ஆகவே முதல் கத்திக்குக் குட்டைச் சாய்வு வையுங்கள். மரம் சீவ, கயிறு அறுக்க, தோட்ட வேலைக்கு அது அருமையான வடிவம்.

காய்கறி நறுக்கும் கத்திக்கு அது ஒத்துவராது. தடித்த அலகு கேரட்டை அறுக்காமல் பிளக்கும். சமையல் கத்திதான் வேண்டும் என்றால் கனமான பட்டையை வாங்கித் தேய்த்துக் கரைக்காதீர்கள், 2 மி.மீ. அல்லது அதைவிட மெல்லிய பட்டையை வாங்குங்கள். ஒரே அகலத்துக்கு 3 மி.மீ. பட்டையைவிட 2 மி.மீ. பட்டையில் தேய்ப்பு வேலை மூன்றில் ஒரு பங்கு குறைவு.

இதே கணக்கில் லாரி ஸ்பிரிங் பட்டையையும் பார்க்க வேண்டும். சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய சாமான் சந்தைகளில் மலிவாகக் கிடைக்கும், நல்ல எஃகும்கூட. ஆனால் அது வளைந்திருக்கும், கனமாக இருக்கும், பல வருடம் பாரம் சுமந்ததால் கண்ணுக்குத் தெரியாத விரிசலும் இருக்கலாம். திருப்பாச்சேத்தி போல அரிவாளுக்குப் பேர்போன ஊர்ப் பட்டறைகளில் அதைக் காய்ச்சி அடித்து மெல்லியதாக்க ஆள் இருக்கிறார்கள். உலை இல்லாதவர் 8 மி.மீ. பட்டையைத் தேய்த்தே 3 மி.மீ. ஆக்குவது என்றால், இரும்பில் மிச்சம் பிடித்த காசு டிஸ்க்கிலேயே போய்விடும். இரும்புக் கடையில் புதிதாக, அனீல் செய்த (காய்ச்சி மெல்ல ஆறவிட்டு இளக்கிய), தரம் தெரிந்த மெல்லிய பட்டை வாங்குவதே கடைசியில் லாபம்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவின் ஆயுத விதிகள் 2016-இன்படி, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு, வீட்டு உபயோகம், விவசாயம், தொழில் போன்றவற்றுக்கு என்று வடிவமைக்கப்படாவிட்டால் ஆயுதக் கணக்கில் வரும். முதல் கத்தியிலேயே வாள் கனவு வேண்டாம்.

படி 2: தேய்ப்பதற்கு முன் பிடிப்பதற்குச் செலவழியுங்கள்

ஆடாத பிடிமானம் இல்லாவிட்டால் எந்த விலைக் கருவியும் கோணல்தான் தரும். 4 அங்குல பெஞ்ச் வைஸ் ஒன்று, கனமான மேசையில் போல்ட் போட்டு இறுக்கியது. கூடவே இரண்டு சி கிளாம்ப். வைஸின் பற்கள் அலகில் பதியாமல் இருக்க அலுமினிய ஆங்கிள் துண்டு இரண்டை உள்ளே வைத்துக்கொள்ளலாம். பழைய வைஸ் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். திருகு ஆடுகிறதா, தாடைகள் இரண்டும் நேராகப் பொருந்துகின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

அப்புறம் வெளிச்சம். தலைக்கு மேல் எரியும் டியூப்லைட்டில் எல்லாப் பரப்பும் வழவழப்பாகத்தான் தெரியும். பக்கவாட்டிலிருந்து தாழ்வாக விழும் ஒளியில்தான் மேடும் பள்ளமும் பழைய கீறலும் கண்ணில் படும். 100, 200 ரூபாய் எல்இடி விளக்கு ஒன்றை மேசை ஓரத்தில் மாட்டினால் போதும்.

படி 3: அரம்

கத்தி செய்யக் கற்க அரத்தைவிட நல்ல வாத்தியார் இல்லை. மெதுவாக வெட்டுவதால், தப்பு நடக்கும்போதே கண்ணுக்குத் தெரியும். இயந்திரத்தில் ஒரு நொடியில் விழும் பள்ளம், அரத்தில் விழ ஐம்பது இழுப்பாவது வேண்டும். மின்சாரம் வேண்டாம், தூசு பறக்காது, அடுக்குமாடிக் குடியிருப்பில் பக்கத்து வீட்டார் கதவைத் தட்ட மாட்டார்கள்.

வாங்க வேண்டியது மூன்று. 12 அங்குலத் தட்டை அரம், பாஸ்டர்ட் வெட்டு. இது இரும்பை எடுக்க. 8 அல்லது 10 அங்குலத் தட்டை அரம், ஸ்மூத் வெட்டு. இது பரப்பைச் சீராக்க. ஒரு அரைவட்ட அரம், பிடியின் வளைவுகளுக்கு. ஜேகே போன்ற பேர்பெற்ற அரங்கள் பெரும்பாலான ஹார்டுவேர் கடையில் இருக்கும். 12 அங்குல அரம் சில நூறு ரூபாய்க்குள் வரும். பெயர் தெரியாத மலிவு அரத்தில் பல் ஒரே நாளில் மழுங்கிவிடும், அங்கே மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மரக் கைப்பிடியைத் தனியாகக் கேட்டு வாங்கி மாட்டுங்கள். பிடி போடாத அரத்தின் கூர்வால் உள்ளங்கையில் ஏறிய கதைகள் எல்லாப் பட்டறையிலும் உண்டு.

கோடு போடுவதில் ஆரம்பியுங்கள். அலகைச் சோப்பு போட்டுக் கழுவி எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிட்டு, மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) தண்ணீரில் கரைத்துப் பஞ்சால் தடவினால், இரும்பின்மேல் மெல்லிய செம்புப் பூச்சு படியும். அதன்மேல் ஊசியால் கீறினால் கோடு பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும், மார்க்கர் மை போல அழியாது. மயில்துத்தம் விஷம், சமையல் பாத்திரத்தில் கரைக்கக் கூடாது, கை கழுவ மறக்கக் கூடாது.

இப்போது 3 மி.மீ. பட்டையைச் சமதளமான மேசையில் படுக்க வையுங்கள். 2 மி.மீ. டிரில் பிட்டையும் பக்கத்தில் படுக்க வைத்து, அதன் முனையால் வாய்ப்பக்க விளிம்பு முழுவதும் ஒரு கோடு இழுங்கள். பட்டையைப் புரட்டிப் போட்டு இன்னொரு கோடு. பிட்டின் முனை 1 மி.மீ. உயரத்தில் நிற்பதால், இரண்டு கோட்டுக்கும் நடுவே சரியாக 1 மி.மீ. இடைவெளி விழும். பதம் போடுமுன் வாயில் விட வேண்டிய கனம் அதுதான். அதைவிட மெல்லியதாகத் தேய்த்துவிட்டுக் காய்ச்சி எண்ணெயில் முக்கினால் வாய் நெளியும், சில சமயம் வெடிக்கும்.

ராவும்போது அரம் முன்னே தள்ளும்போதுதான் வெட்டும். திரும்பி இழுக்கும்போது அழுத்தாமல் லேசாகத் தூக்கிக்கொள்ளுங்கள். அழுத்தி இழுத்தால் பல் மழுங்குவதுதான் மிச்சம். பல்லில் சுண்ணக்கட்டியைத் தேய்த்துக்கொண்டால் இரும்புத் துகள் அவ்வளவாக ஒட்டாது. ஒட்டிய துகளைப் பித்தளைத் தகட்டு முனையால் குத்தி எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் அந்த ஒரு துகளே அலகு முழுக்க ஆழமான கீறல் போடும். கடைசியில் அரத்தை அலகுக்குக் குறுக்காக, இரு கையாலும் இரு முனை பிடித்து, நீளவாக்கில் தள்ளினால் பரப்பு கண்ணாடி போலச் சமமாகும்.

சாய்வு ஒரே கோணத்தில் வர ஒரு எளிய ஏற்பாடு செய்துகொள்ளலாம். அரத்தை ஒரு நீளக் கம்பியோடு சேர்த்துக் கட்டி, கம்பியின் மறுமுனையைப் பலகையில் நிறுத்திய ஐ-போல்ட் வளையத்துக்குள் விட வேண்டும். அலகின் முதுகு வளையத்தின் பக்கம், வாய் உங்கள் பக்கம். அலகிலிருந்து 250 மி.மீ. தள்ளி, அலகைவிட 53 மி.மீ. உயரத்தில் அரத்தின் அடிப்பரப்பின் கோடு போய்ச் சேர்ந்தால் 12 டிகிரி வரும். ஒரு டிகிரி முன்னே பின்னே இருந்தால் குடி முழுகாது. இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

அரம் வெட்டாமல் கண்ணாடிமேல் போவதுபோல் வழுக்கினால், இரும்பு ஏற்கெனவே கடினமாக்கப்பட்டது என்று அர்த்தம். காந்தம் ஒட்டாத சூட்டையும் கொஞ்சம் தாண்டும்வரை காய்ச்சி, சாம்பலுக்குள் புதைத்து மெல்ல ஆறவிட்டால் இளகும். வலுவாக அழுத்தி ஜெயிக்கப் பார்க்காதீர்கள், அரம்தான் தோற்கும்.

படி 4: ஆங்கிள் கிரைண்டர்

முதல் மின்கருவி இதுவாக இருக்கட்டும். கடைகளில் ஏஜி ஃபோர் என்று கேட்டாலும் புரியும். 4 அங்குல இயந்திரம் 2,000 ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது. 5 அங்குலத்துக்கு வலு அதிகம் என்றாலும் நான் 4 அங்குலத்தையே சொல்வேன். சின்ன ஊர் ஹார்டுவேர் கடையிலும் அதற்கான டிஸ்க் தொங்கும்.

இதன் முக்கிய வேலை பட்டையிலிருந்து கத்தியின் உருவத்தை வெட்டி எடுப்பது. 1 மி.மீ. கனமுள்ள கட்டிங் டிஸ்க் தடித்த டிஸ்க்கைவிட வேகமாக, சூடு குறைவாக வெட்டும். வளைவான இடத்தில் டிஸ்க்கை வளைக்கப் பார்க்காதீர்கள், உடைந்துவிடும். சின்னச் சின்ன நேர்வெட்டுகளாகக் கோடு வரை வெட்டி, நடுவில் நிற்கும் பற்களை 60 கிரிட் (மணியின் பருமனைச் சொல்லும் எண், கூடக் கூட நைசு) ஃபிளாப் டிஸ்க்கால் (உப்புத்தாள் மடல்களை அடுக்கி ஒட்டிய டிஸ்க்) தேய்த்துவிடலாம். மீதியை அரம் பார்த்துக்கொள்ளும்.

சாய்வை இதாலேயே தேய்க்கலாமே என்று தோன்றும். 100 மி.மீ. டிஸ்க் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு நொடிக்கு 57 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. சாதாரண பெல்ட் கிரைண்டரைவிட மூன்று, நான்கு மடங்கு. கையில் பிடித்த கருவி அந்த வேகத்தில் ஒரு நூலளவு சாய்ந்தாலும் பள்ளம் விழும். கைதேர்ந்தவர்கள் செய்கிறார்கள், புதியவர் இதால் பருவெட்டாக மேலோட்டமாக மட்டும் எடுத்துவிட்டு, கோட்டுக்கு 2 மி.மீ. முன்பே நிறுத்திவிட்டு அரத்துக்கு மாறுவது நல்லது.

வாங்கும்போது சுவிட்சைப் பாருங்கள். அழுத்திப் பிடித்தால் மட்டும் ஓடும் துடுப்பு சுவிட்ச், தள்ளிவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கும் சுவிட்சைவிடப் பத்திரம். டிஸ்க்கில் அச்சிட்டிருக்கும் சுற்று வேகம் இயந்திரத்தின் வேகத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். நடுவில் உள்ள உலோக வளையத்தில் காலாவதித் தேதி இருக்கும். பிசினால் ஒட்டிய டிஸ்க் நாள்பட்டால் வலுவிழக்கும் என்பதால்தான் அது. பழைய சரக்கைக் கழிவு விலையில் வாங்க வேண்டாம். டிஸ்க்கை மூடும் கவசத்தை ஒருபோதும் கழற்ற வேண்டாம். மரம் அறுக்கும் பல்சக்கரத்தை இதில் மாட்டும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. அப்படி விரல்களை இழந்தவர்கள் உண்டு.

படி 5: பெஞ்ச் கிரைண்டரைத் தாண்டிச் செல்லுங்கள்

இரு பக்கமும் கல் சுற்றும் பெஞ்ச் கிரைண்டர் உளி தீட்ட, டிரில் பிட் தீட்ட நல்லது. கத்தியின் சாய்வுக்கு ஆகாது. 6 அங்குலக் கல்லின் வளைவு அலகில் குழிகுழியாக விழும், வாய் சட்டென்று சூடேறும். கல்லின் பக்கவாட்டில் தட்டையாகத் தேய்த்தால் கல் வெடிக்கும் ஆபத்து உண்டு. வீட்டில் ஏற்கெனவே இருந்தால் ஒரு பக்கம் பஃப் (துணிச் சக்கரம்) மாட்டிப் பாலிஷ் போட வைத்துக்கொள்ளுங்கள். இதற்கென்று புதிதாக வாங்காதீர்கள்.

படி 6: சின்ன பெல்ட் இயந்திரம்

நாலைந்து கத்தி அரத்தாலேயே செய்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால் பெல்ட் பக்கம் வரலாம். மலிவில் கிடைப்பவை இரண்டு வகை: 1 அங்குல அகலம், 30 அங்குல நீளப் பெல்ட் ஓடுவது, 4 அங்குல அகலம், 36 அங்குல நீளப் பெல்ட்டும் பக்கத்தில் வட்டத் தகடும் உள்ளது. இரண்டாவது தச்சு வேலைக்கானது, கைப்பிடிக் கட்டையைத் தட்டையாக்க நன்றாக இருக்கும். கத்திக்கு முதலாவது பரவாயில்லை. வளைவுகளில் புகும், சிறிய அலகுக்குப் போதும். ஆனால் மோட்டார் சின்னது. அழுத்தினால் நின்றுவிடும்.

பெல்ட் கேள்வி இங்கேதான் வருகிறது. இயந்திரத்தைப் பார்க்குமுன் ஊரிலுள்ள தேய்ப்புப் பொருள் விற்பனையாளரிடம் போய், இந்த அளவில் 60, 120, 220 கிரிட் பெல்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் ரோலிலிருந்து வெட்டி ஒட்டித் தருவீர்களா என்று கேளுங்கள். பல இடங்களில் செய்து தருவார்கள். 1954-இல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் சென்னை நிறுவனம் என்பதால் தமிழ்நாட்டில் அதன் சரக்குக்குப் பஞ்சமில்லை. கிரைண்ட்வெல் நார்ட்டனும் பரவலாக இருக்கிறது. சென்னையில் பாரிமுனைப் பக்கம், கோவையில் தொழிற்கூடங்களுக்குச் சரக்கு போடும் கடைகள் என்று விசாரித்தால் வழி கிடைக்கும். ஒட்டின் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். தடித்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் டக் டக்கென்று அலகை அடிக்கும்.

வேகத்தை நீங்களே கணக்குப் போடலாம். ஓட்டும் சக்கரத்தின் விட்டத்தை மீட்டரில் எடுத்து, 3.14-ஆல் பெருக்கி, நிமிடச் சுற்றால் பெருக்கி, 60-ஆல் வகுத்தால் நொடிக்கு எத்தனை மீட்டர் என்று வரும். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மோட்டார்கள் பொதுவாக 1440 அல்லது 2880 சுற்று. 100 மி.மீ. சக்கரத்தோடு 2880 மோட்டார் 15 மீட்டர் தரும், 1440 மோட்டார் ஏழரை மீட்டர். கற்பவருக்கு ஏழரையே உத்தமம். இரும்பு மெதுவாகப் போகும், சூடு ஏறாது, பதம் போட்ட அலகைத் தொட பயமிருக்காது. விளம்பரத்தில் அதிவேகம் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

படி 7: 2க்கு 72, எப்போது?

2 அங்குல அகலம், 72 அங்குல நீளம் உள்ள பெல்ட் ஓடும் இயந்திரம் அமெரிக்கக் கத்திக்காரர்கள் நிலைப்படுத்திய அளவு; இன்று உலகம் முழுக்க அதுதான் வழக்கம். நீளப் பெல்ட் என்பதால் சூடு ஆற நேரம் கிடைக்கும், ஒரு பெல்ட் நெடுநாள் வரும், சக்கரம், தட்டை, தளர்ந்த பெல்ட் என்று இணைப்புகளை மாற்றலாம். செய்த கத்தியை விற்கும் நிலை வந்தபின் வாங்கினால் பணம் திரும்பும். அதற்கு முன் வாங்கினால் அழகான துணி காயப்போடும் கொடி.

லேத் பட்டறை நட்பு இருந்தால் சொந்தமாகவே செய்துகொள்ளலாம், குறிப்பாகக் கோவை போன்ற மோட்டார் ஊரில். கடைசல் வேலையில் கவனிக்க வேண்டியது பெல்ட்டை நடுவில் நிறுத்தும் மேல் சக்கரம். அதன் நடுப்பகுதி சற்றே புடைத்திருக்க வேண்டும்; சாய்த்துச் சரிசெய்யும் திருகும் வேண்டும். இந்தப் புடைப்பு இல்லாவிட்டால் பெல்ட் ஓரத்துக்கு ஓடிக் கழன்றுகொண்டே இருக்கும். பெயரிங்குகள் இரு பக்கமும் ரப்பர் மூடி உள்ளவையாக இருக்கட்டும். மோட்டாரும் முழுக்க மூடிய வகைதான். திறந்த மோட்டாருக்குள் இரும்புத்தூள் புகுந்தால் சுருள் எரிந்துபோகும்.

வேகத்தைக் கூட்டிக் குறைக்க விஎஃப்டி என்ற மின்னணுப் பெட்டி போடுவதாக இருந்தால், வீட்டு ஒற்றை பேஸ் மின்சாரத்தை அது மூன்று பேஸாக மாற்றித் தரும், ஆனால் 230 வோல்ட்டில்தான். 415 வோல்ட் ஸ்டார் இணைப்பில் உள்ள மோட்டாரை டெல்டாவுக்கு (இரண்டும் மோட்டார் சுருள்களை இணைக்கும் முறைகள்) மாற்றினால்தான் முழு வலு கிடைக்கும். மோட்டார் பெட்டிக்குள் ஆறு முனைகள் வெளியே வந்திருக்கின்றனவா என்று வாங்குமுன்பே கேளுங்கள். மூன்றே முனை என்றால் வைண்டிங் கடைக்காரர் உள்ளே பிரித்து எடுக்க வேண்டியிருக்கும்.

படி 8: கிரிட்டில் கஞ்சத்தனம் வேண்டாம்

பெல்ட் வகைகளில் அலுமினியம் ஆக்சைடு மலிவு. மரத்துக்கும் மென்மையான மெருகுக்கும் போதும். ஜிர்கோனியா அதைவிட உழைக்கும். செராமிக் பெல்ட் விலை கூடுதல், இரும்பை வெண்ணெய் மாதிரி எடுக்கும். ஆனால் அதன் மணிகள் அழுத்தத்தில் உடைந்து உடைந்துதான் புதுக்கூர் காட்டும். சின்ன மோட்டாரில் அந்த அழுத்தம் கொடுக்க முடியாததால் மணிகள் மழுங்கிப் பளபளத்துப்போகும். ஆகவே 1க்கு 30 இயந்திரத்துக்குச் செராமிக் வாங்குவது வீண்செலவு.

60, 120, 220 என்று ஏறினால் போதும். 60-இன் கீறல் முழுக்கப் போகாமல் 120-இலிருந்து 220-க்குத் தாவினால், 400-இல் கையால் தேய்க்கும்போது அந்தக் கீறல் பல்லிளிக்கும். கையால் தேய்க்க வாட்டர் பேப்பர்தான். தட்டையான கட்டையில் சுற்றி, சில சொட்டு எண்ணெய் விட்டு, ஒவ்வொரு கிரிட்டுக்கும் திசையை மாற்றித் தேயுங்கள். குறுக்குக் கீறல் எல்லாம் மறைந்தால் அடுத்த கிரிட். மழுங்கிய தாளை இன்னும் கொஞ்சம் என்று இழுத்தடிக்காதீர்கள். புதுத்தாள் ஐந்து நிமிடத்தில் செய்வதைப் பழைய தாள் அரை மணியில் செய்யும்.

படி 9: பதம் போட்ட பிறகு

இதுவரை இரும்பு சூடானாலும் பெரிய நஷ்டமில்லை. காய்ச்சி முக்கி, மறுபடி 200 டிகிரியை ஒட்டிச் சூடேற்றிப் பதப்படுத்திய பிறகு நிலைமை வேறு. தேய்க்கும்போது வாயில் வைக்கோல் மஞ்சள் தெரிந்தால் 200 டிகிரியைத் தாண்டிவிட்டது, நீலம் தெரிந்தால் 300-ஐ ஒட்டிப் போய்விட்டது. அந்த நீல இடத்தில் பதம் போயிற்று. தண்ணீரில் முக்கினாலும் திரும்பாது, தேய்த்து எடுத்தாலும் நிறம்தான் போகும்.

அதனால் இந்தக் கட்டத்தில் வெறுங்கையால் அலகைப் பிடித்துத் தேயுங்கள். விரல் சுடுமுன் பக்கத்து வாளித் தண்ணீரில் முக்குங்கள். புதுப் பெல்ட், குறைந்த வேகம், லேசான அழுத்தம். வாய் மெல்லியதாக ஆக ஆகச் சூடு வேகமாக ஏறும், குறிப்பாக நுனியில். கடைசி அரை மில்லிமீட்டரைக் கையாலேயே எடுப்பவர்களும் உண்டு. அவசரம் இல்லையென்றால் அதுதான் பத்திரம்.

கையுறை? சுற்றும் இயந்திரத்தில் வேண்டாம். நூல் சிக்கினால் கையையும் இழுத்துக்கொண்டு போகும். லுங்கி நுனி, துப்பட்டா, தொங்கும் சட்டைக்கை, கழுத்துச் சங்கிலி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கண்ணாடி போட்டு அதன்மேல் முகக்கவசம், காதுக்கு அடைப்பான், காலுக்கு மூடிய செருப்பு. மூச்சுக்குத் துணி முகமூடி போதாது, குறைந்தது என்95. வடிகட்டி மாற்றக்கூடிய ரப்பர் முகமூடி இன்னும் நல்லது. இரும்பு தேய்க்கும் இயந்திரத்தில் மரப்பிடியையும் தேய்க்க வேண்டியிருந்தால், முதலில் கீழே குவிந்த தூளைக் கூட்டி எடுங்கள். மரத்தூள் குவியலில் விழுந்த தீப்பொறி நாம் சாப்பிடப் போன பிறகு புகையத் தொடங்கும்.

படி 10: பணத்தை எப்படிப் பிரிப்பது

கையில் 5,000 ரூபாய் இருந்தால்: பாதிக்குக் குறைவாக வைஸ், மூன்று அரம், ஒரு ஹாக்ஸா, 120 முதல் 600 வரை வாட்டர் பேப்பர் கட்டு, கண்ணாடியும் முகமூடியும், மிச்சத்துக்கு நல்ல பட்டை இரும்பு. இவ்வளவு வைத்துக்கொண்டே விற்கும் தரத்தில் கத்தி செய்பவர்கள் இருக்கிறார்கள்.

இன்னும் 3,000, 4,000 சேர்ந்தால் ஆங்கிள் கிரைண்டரும் ஒரு பெட்டி 1 மி.மீ. டிஸ்க்கும் முகக்கவசமும் வாங்குங்கள். ஹாக்ஸாவோடு போராடும் நேரம் மிச்சம். இந்தக் கட்டத்திலேயே கொஞ்ச காலம் நில்லுங்கள்.

அதற்கு மேல் 10,000 முதல் 15,000 வரை செலவழிக்கத் தயார் என்றால் சின்ன பெல்ட் இயந்திரம். ஆனால் அந்தத் தொகையில் கால் பங்கைப் பெல்ட்டுக்கென்று முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். அப்படி ஒதுக்க முடியவில்லை என்றால் இயந்திரத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போடலாம்.

பழைய இயந்திரம் வாங்குபவர் ஓடவிட்டு ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். மோட்டார் உடலில் கை வைத்தால் தாங்க முடியாத சூடு, அணைத்ததும் கரகரவென்ற சத்தத்தோடு சட்டென்று நிற்பது, தண்டைப் பிடித்து ஆட்டினால் மேலும் கீழும் அசைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் பெயரிங் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். பிளக்கில் மூன்றாவது முள்ளை வெட்டியிருந்தால், வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதல் வேலையாக எர்த் கம்பியைச் சரிசெய்துவிட்டுத்தான் பெல்ட் மாட்ட வேண்டும்.